கேக் நடுவில் குழி விழுவது ஏன்?

கேள்வி: வெனிலா கேக் செய்கிறேன். 1 கப் மைதா, அரை கப் தயிர், 2 முட்டை. பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டதால் அதே 1 டீஸ்பூன் அளவுக்கு ஆப்ப சோடா போட்டேன். மாவைக் கலக்கி வைத்துவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த பிறகு ஓ.டி.ஜி. என்ற சின்ன மின்சார அடுப்பில் 200 டிகிரியில் வைத்தேன். நன்றாக உப்பிவந்த கேக், வெளியே எடுப்பதற்குள் நடுவில் அமுங்கிவிட்டது. நிறம் பழுப்பு, வாயில் வைத்தால் லேசாக சோப்பு வாடை. "கிணறு வெட்டியிருக்கியா?" என்கிறார் கணவர். மாமியார் கண் திருஷ்டி என்கிறார். புது ஓ.டி.ஜி. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். குற்றவாளி யார் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில் சோடா. பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு அமில உப்பும் சோளமாவும் கலந்தது. வெறும் ஆப்ப சோடா அதைவிட மூன்று, நான்கு மடங்கு வீரியமானது. அது முழுதாக வேலை செய்யப் புளிப்பும் வேண்டும். உங்கள் அரை கப் தயிருக்கு கால் டீஸ்பூன் சோடாவே போதும். மீதி முக்கால் டீஸ்பூனுக்குப் புளிப்பு கிடைக்கவில்லை. அதனால்தான் சோப்பு வாடை, பழுப்பு நிறம். அடுப்புச் சூட்டில் அந்த மீதி சோடாவிலிருந்தும் வாயு தேவைக்கு மேல் கிளம்பி, கேக் வேகமாக உயர்ந்து, தாங்கமாட்டாமல் உட்கார்ந்துவிட்டது. அடுத்த முறை கால் டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள். அடுப்புக்கு மேல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்த பழைய பாக்கெட் என்றால், கொஞ்சம் பவுடரை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சரசரவென்று நுரைத்தால் சரி. சும்மா கரைந்தால் வேறு வாங்குங்கள்.

அடுத்தது காத்திருப்பு. இட்லி மாவு காத்திருந்தால் பொங்கும். கேக் மாவு காத்திருந்தால் சோர்ந்துவிடும். சோடா தயிரைத் தொட்ட நொடியே வாயு வர ஆரம்பித்துவிடும். மகளை அழைத்துவந்து, ஓ.டி.ஜி.யை 10-15 நிமிடம் சூடாக்க வைத்துவிட்டு அதன் பிறகு கலக்குங்கள். மைதா சேர்த்தபின் உலர்ந்த மாவு கண்ணில் இருந்து மறையும் வரை கிளறினால் போதும்.

200 டிகிரி அதிகம். மேல்புறம் சிவந்துவிடும், உள்ளே மாவாகவே நிற்கும். 170-175 போதும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியைத் திருப்பினால் அது காட்டும் சூடுதான் உள்ளே இருக்கும் என்று நம்பாதீர்கள், பல ஓ.டி.ஜி.களில் 10, 20 டிகிரி தள்ளியே இருக்கும். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கினால் புது ஓ.டி.ஜி. செலவு மிச்சம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். கணவர் எத்தனை முறை கதவைத் திறந்து பார்த்தார்? கிணறு ஜோக் சொல்ல ஆள் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டுமே! முட்டையும் மாவும் வெந்து இறுகும் வரை கேக்கில் இருப்பவை மெல்லிய குமிழ்கள்தான். அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் சின்ன அடுப்பின் சூடு சட்டென்று இறங்கும், குமிழ்கள் சுருங்கும், நடுப்பகுதி விழும். முதல் 25 நிமிடம் யாரும் கைப்பிடியைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு நடுவில் பல் குத்தும் குச்சியைச் செருகி, ஈரமாவு ஒட்டாமல் வருகிறதா பாருங்கள். மாமியார் சுற்றிப் போடுவதென்றால் கதவுக்கு வெளியே நின்று போடட்டும், கேக்குக்கு ஒன்றும் ஆகாது.

இனி ஒரு கேக் அமுங்கினாலும் தூக்கிப் போட வேண்டாம். நடுவில் வேகாத பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மற்றதைத் துண்டுகளாக்கி, கஸ்டர்டும் வாழைப்பழமும் அடுக்கி ஒரு மணி நேரம் குளிரவையுங்கள். சோப்பு வாடை வந்த கேக்குக்கு மட்டும் இது உதவாது, அந்த வாடை கஸ்டர்டையும் தாண்டி வரும்.