ஸ்க்ரூவை முதலில் தொடாதீர்கள்: பழைய ரோடு பைக் முன் டீரெய்லர் கேள்வி பதில்

முன்னால் இரண்டு செயின்ரிங் (மிதியோடு சுற்றும் பல்வளையம்), டவுன்டியூபில் (பிரேமின் சாய்ந்த கீழ்க்குழாய்) கியர் லீவர் அல்லது ஆரம்பகால பிரேக்-ஷிஃப்டர் (பிரேக்கும் கியரும் ஒரே பிடியில்). இந்த மாதிரி வண்டியின் முன் டீரெய்லரை, அதாவது செயினை ஒரு ரிங்கிலிருந்து மற்றதுக்குத் தள்ளும் கருவியைப் பற்றி மட்டும் கேளுங்கள். பின் டீரெய்லர், பிரேக் எல்லாம் இன்னொரு நாள்.

கேள்வி: அண்ணா, செயின் பெரிய ரிங்குக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. ஹெச் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தளர்த்தி, இப்போது கழன்று விழுகிற நிலையில் இருக்கிறது. பலன் இல்லை.

பதில்: இருக்காது தம்பி. அந்த ஸ்க்ரூ, கேஜை (செயினைச் சூழ்ந்து தள்ளும் தகட்டுக் கூண்டு) வெளிப்பக்க எல்லையில் நிறுத்துவதற்கு மட்டும்தான். தள்ளுவது கேபிளின் வேலை. ஒரு சோதனை செய்யுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து, லீவரைப் பெரிய ரிங் பக்கம் முழுக்கத் தள்ளி, கிராங்கை (மிதி மாட்டியிருக்கும் கை) சுற்றிக்கொண்டே, டவுன்டியூபில் உறையில்லாமல் ஓடும் கேபிளை விரலால் டியூபை விட்டு விலக்கி இழுங்கள். கேஜ் இன்னும் வெளியே போய்ச் செயின் ஏறிவிட்டதா? அப்படியானால் ஸ்க்ரூ மேல் தப்பே இல்லை. கேபிள் தொய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ சிக்குகிறது. இழுத்தும் கேஜ் நகரவில்லை என்றால்தான் ஸ்க்ரூவையோ இறுகிப்போன பிவட்டையோ (டீரெய்லரின் மூட்டு) சந்தேகப்பட வேண்டும்.

சிக்கும் இடம் பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட்டுக்கு (கிராங்கின் அச்சு இருக்கும் இடம்) அடியில்தான். வண்டியைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மண்ணும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து கேபிள் போகும் பள்ளத்தை அடைத்திருக்கும். பிளாஸ்டிக் கைடாக இருந்தால் கேபிள் அதை அறுத்து உள்ளே இறங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள், புதுக் கேபிள் போடுங்கள். கியர் கேபிள் 1.2 மிமீ. பிரேக் கேபிள் அதைவிடத் தடிமன், அதை இங்கே போடாதீர்கள்.

கேள்வி: சார், எந்த வரிசையில் செட் செய்ய வேண்டும் என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால் நல்லது.

பதில்: சொல்கிறேன். இதை ஒழுங்காகப் படித்தால் மீதிக் கேள்விகளில் பாதி தேவைப்படாது.

முதலில் கேபிளைக் கழற்றுங்கள். டீரெய்லரைக் கையால் வெளியே தள்ளி விடுங்கள். 'டக்' என்று ஸ்பிரிங் உள்ளே இழுக்க வேண்டும். மெதுவாக நகர்ந்து வந்தால் பிவட்டுகளில் துரு அல்லது பிசின் இருக்கிறது. கரைப்பான் விட்டு அசைத்து அசைத்துக் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் விடுங்கள். இது சரியாகாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது உயரம். கேஜை வெளியே தள்ளி, அதன் வெளித்தகடு பெரிய ரிங்கின் பற்களுக்கு நேர் மேலே வரும்போது, இடைவெளி 1 முதல் 3 மிமீ இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஷிஃப்ட் மந்தமாகும், செயினும் கழலும். அதன் பிறகு கோணம். மேலிருந்து பார்த்தால் வெளித்தகடும் செயின்ரிங்கும் இணையாக ஓட வேண்டும். கேஜின் வால் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருந்தால் கிளாம்ப் (டீரெய்லரை டியூபில் பிடிக்கும் வளையம்) போல்ட்டைத் தளர்த்தித் திருப்புங்கள். உயரம், கோணம் இரண்டும் ஒரே போல்ட்டில்தான் நிற்கின்றன. ஒன்றைத் திருத்தும்போது மற்றது கலையும். பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பாருங்கள், வேலையின் முக்கால்வாசி இங்கேதான். கிளாம்ப்பை மிகையாக முறுக்காதீர்கள், மெல்லிய ஸ்டீல் டியூப் நசுங்கிவிடும்.

இதற்கு அப்புறம்தான் எல் ஸ்க்ரூ, அதாவது கேஜின் உள்பக்க எல்லை. முன்னால் சின்ன ரிங், பின்னால் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரம். உள்தகடு செயினைத் தொடாமல், அரை மிமீ அளவுக்கு ஒட்டி நிற்க வேண்டும். லீவரை முழுக்கத் தளர்ந்த நிலையில் வைத்து, கேபிளைக் கையால் தொய்வில்லாமல் இழுத்து இறுக்குங்கள். கேபிள் போல்ட்டின் எந்தப் பக்கம் பள்ளம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் கேபிள் போக வேண்டும். மாறிப் போனால் இழுக்கும் அளவே மாறிவிடும். கடைசியில் ஹெச் ஸ்க்ரூ. முன்னால் பெரிய ரிங், பின்னால் இருப்பதிலேயே சின்னது, வெளித்தகட்டுக்கும் செயினுக்கும் அதே அரை மிமீ.

கேள்வி: பெரிய ரிங்கில் அழுத்தி மிதித்தால் தானாகவே சின்ன ரிங்குக்கு இறங்கிவிடுகிறது. டவுன்டியூப் லீவர்.

பதில்: லீவர் வழுக்குகிறது. டீரெய்லரில் எதுவும் செய்ய வேண்டாம். லீவர் நடுவில் இருக்கும் சின்ன வளையத்தைக் கையால் முறுக்கி இறுக்குங்கள். வளையம் இல்லாத மாடலில் ஸ்க்ரூ இருக்கும். உள்ளே இருக்கும் உராய்வு வாஷர்களுக்கு எண்ணெய் விட்டிருந்தால் துடைத்து எடுங்கள்.

கேள்வி: கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் செயின் கேஜில் உரசுகிறது. எல் ஸ்க்ரூவைத் திருகினேன், நின்றது. ஆனால் மறுபக்கம் உரச ஆரம்பித்துவிட்டது.

பதில்: நின்று நின்று உரசினால் அது செயின்ரிங்கின் வளைவு, அல்லது பாட்டம் பிராக்கெட்டில் ஆட்டம். கிராங்கின் நுனியைப் பிடித்து பிரேம் பக்கமும் வெளிப்பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் கிராங்க் போல்ட், அப்புறம் பேரிங். ஆட்டம் இல்லையென்றால் கேஜின் விளிம்பையே அளவுகோலாக வைத்து ரிங் எங்கே வளைந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்தை அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் பிடித்து மெல்ல நிமிர்த்தலாம். ஸ்க்ரூக்களைப் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கேள்வி: அண்ணா, என் வண்டியில் முன்னால் 52/42 பல். மேட்டுக்காக 50/34 போட ஆசை. டீரெய்லர் அதே இருக்கட்டுமா?

பதில்: ரசமான கேள்வி. ஒரு பல் கூடினால் ரிங்கின் ஆரம் சுமார் 2 மிமீ கூடும். செயினின் பிட்ச் 12.7 மிமீ, அதை இரண்டு பையால் (2π) வகுத்துப் பாருங்கள். ஆக 52-லிருந்து 50-க்கு வந்தால் டீரெய்லரை 4 மிமீ கீழே இறக்க வேண்டும். கிளாம்ப் வகை என்றால் பிரச்சினை இல்லை. பிரேமிலேயே பற்றவைத்த தாங்கியில் மாட்டும் வகை என்றால், அதன் பள்ளத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் ரிங்குகளுக்கு இடையே 10 பல் வித்தியாசம் இருந்தது, இனி 16. 34-இல் செயின் மிகத் தாழ்வாக ஓடும். பழைய, குட்டையான கேஜின் வால் அடியில் செயின் உரசும், முக்கியமாகப் பின்னால் சின்னப் பல்சக்கரங்களில். அந்தக் கோர்வைகளைத் தவிர்த்தால் சமாளிக்கலாம். பின் டீரெய்லர் கூடுதலாக 6 பல் அளவுக்குத் தொய்வை இழுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 130 மிமீ போல்ட் வட்டம் (ரிங்கைப் பிடிக்கும் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) உள்ள கிராங்கில் 38-க்குக் கீழே ரிங் உட்காராது, 144-இல் 41. அதனால் கிராங்கே மாறும். புது கிராங்குக்குத் தப்பான நீளத்தில் ஸ்பிண்டில் (கிராங்கின் அச்சு) போட்டால் செயின்லைன் (பிரேமின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு ரிங்குகளின் நடு வரை உள்ள தூரம்) வெளியே தள்ளிப்போய் டீரெய்லருக்கு எட்டாது. ரோடு டபுளுக்கு 43.5 மிமீ என்பது வழக்கமான அளவு.

கேள்வி: செயின் உரசுகிறது. எந்த ஸ்க்ரூ?

பதில்: எந்தக் கியரில்? முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்றால் எந்த ஸ்க்ரூவும் இல்லை, அந்தக் கியரில் ஓட்டாதீர்கள். மற்றபடி மேலே வரிசை சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எதற்கு இவ்வளவு பாடு? டீரெய்லரைக் கழற்றி எறிந்துவிட்டு 42-ஐ மட்டும் வைத்து ஓட்டுங்கள் மக்களே.

பதில்: இதை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பின்னால் 13 முதல் 26 பல் வரை என்று வைத்துக்கொள்வோம். 52/13 என்றால் விகிதம் 4.0. 42/13 என்றால் 3.23. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் முதலாவதில் மணிக்கு 45 கிமீ, இரண்டாவதில் 36-37. இறக்கத்திலும் கூட்டமாக ஓட்டும்போதும் கால் காற்றில் சுற்றும். மேட்டுக்கும் லாபம் இல்லை. இருந்த அதே 42/26 தான்.

கேள்வி (அதே நபர்): 45-இல் யார் போகிறார்கள்? நான் வேலைக்குப் போய் வருகிறேன். எனக்கு 36 தாராளம்.

பதில்: சமதளத்தில் வேலைக்குப் போய் வருபவருக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செயின் கழலும். இப்போதைய ஒற்றை ரிங்குகளில் பற்கள் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு என்று மாறி மாறி வரும், செயினைக் கவ்விப் பிடிக்கும். பின் டீரெய்லரிலும் ஆட்டத்தைத் தடுக்கும் கிளட்ச் இருக்கும். உங்கள் பழைய 42-இல் எல்லாப் பல்லும் ஒரே தடிமன். இவ்வளவு நாள் செயின் கழலாமல் காத்ததே நீங்கள் எறியச் சொல்லும் அந்தக் கேஜ்தான்.

கேள்வி: நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் லீவரையும் கேபிளையும் மட்டும் எடுத்துவிட்டேன். பெரிய ரிங்கைக் கழற்றி, டீரெய்லரை 42-க்கு மேல் இறக்கி, எல் ஸ்க்ரூவை உள்ளே முறுக்கிக் கேஜை நடுவில் நிறுத்திவிட்டேன். கழலவே இல்லை.

பதில்: அம்மா, இது அருமையான யோசனை. கழற்றுகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். ஒரு ரிங்கை மட்டும் பிடிக்கக் குட்டையான செயின்ரிங் போல்ட் வேண்டும், பழையதைப் போட்டால் இறுகாது.

கேள்வி (டீரெய்லரைக் கழற்றி எறியச் சொன்னவர்): ஆக, முன் ஷிஃப்ட் தேவையில்லை என்று ஒப்புக்கொண்டீர்கள்!

பதில்: உங்களுக்குத் தேவையில்லை. மேலே மேட்டுக்காக 34 கேட்ட தம்பிக்குத் தேவை. அவரிடம் 42-ஓடு ஏறச் சொல்லிப் பாருங்கள், உங்கள் பதிலை அவருடைய முழங்கால் சொல்லும். இத்தோடு இதை முடிப்போம், நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: இடது பிரேக்-ஷிஃப்டர் 90-களில் வந்தது. தள்ளினால் கிளிக்கே இல்லை, வெறுமனே ஆடுகிறது.

பதில்: உள்ளே கிரீஸ் காய்ந்து பற்றுப்பல் (கிளிக் தரும் சின்னக் கொக்கி) ஒட்டிக்கொண்டிருக்கும். ஷிமானோ என்றால் கழற்றாதீர்கள், திரும்பக் கோர்ப்பது பெரும்பாடு. கரைப்பான் ஸ்பிரேயை உள்ளே அடித்து, லீவரை ஆட்டிக்கொண்டே இருங்கள், அழுக்கு வடிய விட்டு மறுபடி அடியுங்கள். கிளிக் திரும்பியதும் மெல்லிய எண்ணெய். பழைய காம்பக்னோலோ எர்கோபவர் என்றால் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளை மாற்றலாம்.

கேள்வி: 7-ஸ்பீடு வண்டி. முன் டீரெய்லர் மட்டும் 10-ஸ்பீடு போட்டேன். உரசல்.

பதில்: உங்கள் செயினின் அகலம் 7 மிமீக்கு மேல், 10-ஸ்பீடு செயின் 6 மிமீ. கேஜ் அதற்கேற்ப ஒடுக்கம். பழையதையே தேடி மாட்டுங்கள்.

கேள்வி: சார், செயின் உரசுகிறது, ஹெச்சா எல்லா?

பதில்: இரண்டாவது கேள்விக்குச் சொன்ன வரிசையைப் படியுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு.

கேள்வி: சின்ன ரிங்குக்கு இறங்கும்போது செயின் உள்ளே பிரேம் பக்கம் விழுகிறது. எப்போதாவதுதான்.

பதில்: எல் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே முறுக்குங்கள். உயரமும் கோணமும் பார்த்த பிறகு, அதற்கு முன்னால் இல்லை. பின்னால் செயின் நடுப் பல்சக்கரத்தில் இருக்கும்போது, மிதியைத் தளர்த்தி இறக்குங்கள். ஓடும்போது விழுந்துவிட்டால் பதறி அழுத்தாதீர்கள், செயின் பிரேமைக் கீறிவிடும். லீவரைப் பெரிய ரிங் பக்கம் தள்ளி மெதுவாக மிதித்தால் பல நேரம் தானே ஏறிக்கொள்ளும்.

கேள்வி: கிளாம்ப் 31.8, என் டியூப் 28.6. மாட்டலாமா?

பதில்: நடுவில் அதற்கான ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்) வைத்து மாட்டலாம். ரப்பர் துண்டு வைக்காதீர்கள், நழுவும்.