பால் கொடுத்தால் பிள்ளை தங்காதா?

கேள்வி: நான் முத்தையன்கட்டு. மகளுக்கு நாலு மாதம். பால் கொடுக்கிறேன், மாதவிடாய் இன்னும் வரவில்லை. பால் கொடுக்கும்வரை பிள்ளை தங்காது என்கிறார் மாமி. அறுவடை தொடங்கியதிலிருந்து பகலில் மாமிதான் போத்தல் பால் கொடுக்கிறார். கணவர் பார்மசியில் மித்துரி கருத்தடைக் குளிசை வாங்கி வந்தார். குடிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மித்துரியில் இரண்டு ஹோர்மோன்கள் உண்டு. அதில் ஈஸ்ட்ரஜன் பாலைக் குறைக்கக்கூடும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் அது ஏற்றதல்ல. குழந்தைக்கு எத்தனை மாதம், பால் கொடுக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் கார்ட்டை நீட்டும் கடைகளை என்ன சொல்வது!

மாமி சொல்வதில் பாதி உண்மை. மூன்று நிபந்தனைகள் சேர்ந்திருக்க வேண்டும்: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக்கூடாது, மாதவிடாய் வந்திருக்கக்கூடாது, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது. மூன்றும் இருந்தால் நூறில் இரண்டு பேருக்குக்கூடப் பிள்ளை தங்காது. ஆனால் பகலில் நாலு மணித்தியாலம், இரவில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விட்டாலே காவல் தளரும். வயலுக்குப் போகும் உங்களுக்கு அது எப்போதோ முறிந்துவிட்டது. மாதவிடாய் வந்தபிறகு பார்ப்போம் என்றும் இருக்காதீர்கள். முதல் மாதவிடாய்க்கு இரண்டு கிழமைக்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். ஒருமுறைகூட மாதவிடாய் காணாமலே அடுத்த பிள்ளை தங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. பிறகு குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உங்களுக்குப் பொருந்தும்; பால் வற்றாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும், பிறகு நின்றும் போகலாம், அது கெட்ட இரத்தம் தேங்குவதல்ல. ஆனால் நிறுத்தியபின் கருத்தரிக்கப் பல மாதம் செல்லும். கையில் தோலுக்கடியில் வைக்கும் இரண்டு ஹோர்மோன் குச்சி ஐந்து வருடம் நிற்கும். கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை, பத்து வருடம் நிற்கும். அரச கிளினிக்கில் இவை இலவசம். காசு கேட்டு 'நான் ஒழுங்கு பண்ணித்தாறன்' என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மாதவிடாயை வரவைக்கும் குளிசை என்று இரகசியமாக விற்பவர்கள் இன்னும் மோசம், அந்த இரத்தப்போக்கு உயிரைக்கூட எடுக்கும்.

கிளினிக் நாளுக்கும் பஸ் நேரத்துக்கும் பொருத்தமில்லை என்பது எனக்கும் தெரியும். கிளினிக் நாளை இப்படி வைப்பவர்கள் ஒருநாளாவது அந்த பஸ்ஸுக்குக் காத்து நிற்கவேண்டும். அதுவரை ஒவ்வொரு முறையும் ஆணுறை. அதை வாங்கக் கணவரைத் தாராளமாக அனுப்பலாம்.