குழாய் வைத்ததும் வயிறு வற்றிவிட்டது. பிறகு சத்திரசிகிச்சை எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. நெடுங்காலமாக மலச்சிக்கல் உள்ளவர். மூன்று வாரங்களுக்கு முன்னர் இரண்டு நாட்களாக மலமும் காற்றும் பிரியாமல் அவருடைய வயிறு மத்தளம் போல் உப்பியது. வாய்வு என எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்த பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். எக்ஸ்ரே எடுத்து, குடல் முறுக்கியிருப்பதாகக் கூறி, ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்தினார்கள். சிறிது நேரத்தில் வயிறு வற்றிவிட்டது. இப்போது நன்றாக உண்கிறார். ஆயினும் குடலின் ஒரு பகுதியை அகற்ற வேண்டும் என்கிறார்கள். யோசித்துச் சொல்வதாகக் கூறி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இந்த வயதில் இது தேவையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தேவை என்பதே என் கருத்து. அதுவும் அவர் நலமாக இருக்கும் இந்த நாட்களிலேயே.

மலக்குடலுக்குச் சற்று மேலே, வளைந்து தொங்கும் பெருங்குடற் பகுதியைச் சிக்மொயிட் என்போம். பல ஆண்டு மலச்சிக்கலால் அது சிலருக்கு நீண்டு தளர்ந்துவிடுகிறது. அதனைப் பின்சுவரோடு பிணைத்து இரத்தக் குழாய்களைக் கொண்டுசெல்லும் மடிப்பின் அடிப்பகுதியும் குறுகலாக இருந்தால், அந்த அச்சில் குடல் எளிதில் சுழன்றுகொள்ளும். அப்போது இரு முனைகளும் அடைபட்டு, நடுவில் காற்றுச் சேர்ந்து வீங்குகிறது. எக்ஸ்ரே படத்தில் அது பெரியதொரு கோப்பிக் கொட்டையைப் போலத் தெரியும். ஐயம் இருப்பின் சி.டி. ஸ்கேனில், இரத்தக் குழாய்கள் நீர்ச்சுழி போல் சுற்றியிருப்பதைக் காணலாம்.

உள்நோக்குக் கருவியால் முறுக்கைத் தளர்த்திக் குழாயை ஓரிரு நாட்கள் விட்டுவைப்பது, குடல் அழுகாத நிலையில் பெரும்பாலும் பலன் தரும் முறைதான். ஆனால் அது முறுக்கை அவிழ்க்கிறதேயன்றி, முறுக்கிக்கொள்ளும் நீண்ட குடலையும் குறுகிய அடியையும் அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் அத்துடன் நிறுத்திக்கொண்டவர்களில் பாதிப்பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ மீண்டும் முறுக்கு ஏற்படுகிறது. அடுத்த முறை அது நள்ளிரவில் வரலாம். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குடல் கருகலாம்.

அவசர வேளையில் கருகிய குடலை எடுத்தால், எஞ்சிய முனைகளை அப்போதே இணைப்பது பெரும்பாலும் ஆபத்தாகும். ஆகையால் மேல்முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்துவார்கள். பிரான்சிய சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்ட்மான் 1921இல் குடற் புற்றுநோய்க்காக விவரித்த முறையே இங்கும் பயன்படுகிறது. அந்தப் பையோடு முதியவர் ஒருவர் படும் மனத்துயரத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மாறாக, முன்கூட்டியே நாள் குறித்து, இருதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்து, இரத்தச்சோகை இருந்தால் சரிசெய்து செய்யும் சத்திரசிகிச்சையில், நீண்ட பகுதியை அகற்றி இரு முனைகளையும் உடனேயே தைத்துவிடப் பெரும்பாலும் முடியும். வெட்டாமல் முறுக்கை மட்டும் நேராக்கிவிடும்படி சிலர் கேட்பதுண்டு. அவ்வாறு செய்தால் முறுக்கு மீண்டும் வரக்கூடும்.

தங்கள் தந்தையின் இருதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்று மயக்க மருந்து நிபுணர் கூறினால் மட்டுமே நான் வேறு வழியை யோசிப்பேன். 74 என்ற எண்ணை மட்டும் வைத்து மறுக்க வேண்டாம். அதுவரை, வயிறு மீண்டும் உப்பினால் பேதி மருந்தோ ஓமத் தண்ணீரோ கொடுக்காமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். இடைவிடாத வலி, காய்ச்சல், தொட்டாலே நோகும் வயிறு ஆகியவை குடல் கருகத் தொடங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

கேள்வி: பிறந்து பன்னிரண்டு நாளான என் பேத்தி பச்சை நிறமாக இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பால் செரிக்கவில்லை என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இதழில் அச்சாகும் வரை காத்திருக்க முடியாத கேள்வி என்பதால் தங்களுக்குத் தொலைபேசியில் உடனே பதிலளித்தேன், மற்றோருக்காக இங்கும் எழுதுகிறேன். கக்கிய பால் வெண்மையாகவே இருக்கும். பச்சை என்பது பித்தநீர். பச்சிளங் குழந்தையில் அது, வேறு காரணம் உறுதியாகும் வரை, சிறுகுடல் முறுக்காகவே கருதப்பட வேண்டும். கருவில் குடல் சரியான இடத்தில் திரும்பி அமையாததால் இது நேர்கிறது. முழுச் சிறுகுடலும் சில மணி நேரத்தில் கருகிவிடக்கூடும். வயிறு உப்பாமலும் குழந்தை அமைதியாகவும் இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற, குழந்தைச் சத்திரசிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு அன்றே செல்லுங்கள். வாந்தி பட்ட துணியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; அதன் நிறத்தை வைத்தியர் தம் கண்ணாலேயே பார்க்கட்டும்.