'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தில் காட்டுவது எவ்வளவு உண்மை? ஃபேஸ்புக்கைத் தொடங்கியது உண்மையில் யார்?

சுருக்கமாகக் கேட்டால் என் பதில் இது: படத்தில் வரும் சம்பவங்களில் பெரும்பகுதி நடந்தவை. அவை ஏன் நடந்தன என்று படம் சொல்லும் காரணம் கற்பனை. கடைசியில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைத் தீர்மானித்தது காதலோ பொறாமையோ இல்லை, காகிதங்கள். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் புதிய கம்பெனிகளைப் பதிவு செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் சேர்ந்து தொழில் தொடங்க வரும்போது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். அதனால் இந்தப் படத்தை நான் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காகிதங்களின் வழியாகத்தான்.

படம் 2010 அக்டோபரில் வந்தது. இயக்கம் டேவிட் ஃபின்ச்சர், திரைக்கதை ஆரோன் சோர்கின். மூலம், 2009-ல் பென் மெஸ்ரிச் எழுதிய ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்துக்காக மார்க் ஜுக்கர்பெர்க் பேச மறுத்துவிட்டார். பேசியவர் எடுவார்டோ சேவரின், அதாவது முதல் பணத்தைப் போட்டு, பின்னால் ஓரங்கட்டப்பட்ட நண்பர். படம் பார்த்து முடித்ததும் நம் மனம் சேவரின் பக்கம் சாய்கிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். சோர்கின் புத்தகத்தோடு நிற்கவில்லை. வழக்கு ஆவணங்களையும் படித்தார். ஒரே நிகழ்வுக்கு மூன்று தரப்பும் மூன்று கதை சொல்வதைப் பார்த்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அந்த முரணையே படமாக்கினார்.

முதலில் கற்பனையைப் பார்த்துவிடலாம். எரிக்கா என்ற பெண் விட்டுப் போனதால் வந்த வலிதான் எல்லாவற்றுக்கும் விதை என்று படம் தொடங்குகிறது. எரிக்கா என்று ஒருவர் கிடையாது. 2003 அக்டோபர் இறுதியில் ஹார்வர்ட் விடுதிகளின் மாணவர் படங்களை எடுத்து, இரண்டு முகங்களில் எது அழகு என்று ஒப்பிடச் சொல்லும் 'ஃபேஸ்மாஷ்' என்ற தளத்தை ஜுக்கர்பெர்க் செய்தது உண்மை. அன்றிரவு தன் இணையக் குறிப்பில் ஒரு பெண்ணைத் திட்டி எழுதியதும் உண்மை. சுமார் 450 பேர் வந்து 22,000 தடவை படங்களைப் பார்த்தார்கள். பல்கலைக்கழகம் அவரை விசாரித்தது, ஆனால் வெளியேற்றவில்லை. இவ்வளவுதான் நடந்தது. அதிலிருந்து ஒரு பெண்ணின் நிராகரிப்பால் ஒரு சாம்ராஜ்யமே எழுந்தது என்று போவது திரைக்கதையின் தேவை. பிரிசில்லா சானை அவர் சந்தித்ததே அந்த 2003-ல்தான். 2012-ல் அவரையே மணந்தார். படத்தில் சானுக்கு இடமே இல்லை. ஒரு நிஜ மனிதரின் வாழ்க்கையில் இருந்த துணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இல்லாத ஒருவரை வைத்தது சரியில்லை என்றே நினைக்கிறேன். படத்தின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த இடத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அடுத்து, ஜுக்கர்பெர்க் தங்கள் யோசனையைத் திருடிவிட்டார் என்று வழக்குப் போட்ட ஹார்வர்ட் மாணவர்கள், விங்கிள்வாஸ் இரட்டையர்கள். படத்தில் ஆர்மி ஹாமரே இரண்டு முகங்களிலும் வருகிறார். இரண்டாவது உடல் ஜோஷ் பென்ஸ் என்ற நடிகருடையது. இரட்டையர்களோடு இருந்தவர் நியூயார்க்கில் வளர்ந்த இந்திய வம்சாவளி இளைஞர் திவ்யா நரேந்திரா. மூவரும் 'ஹார்வர்ட் கனெக்‌ஷன்' என்ற தளத்துக்கு நிரல் எழுத 2003 நவம்பரில் ஜுக்கர்பெர்க்கை அணுகினார்கள். அவர் சரி என்றார், பிறகு வாரக்கணக்கில் இழுத்தடித்தார், அந்த இடைவெளியில் தன் தளத்தைக் கட்டி 2004 பிப்ரவரி 4 அன்று வெளியிட்டார். இழுத்தடித்தது நேர்மையான செயல் இல்லை, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆனால் யோசனையைத் திருடினாரா? நம்மில் பலர் ஃபேஸ்புக்குக்கு முன்னால் ஆர்குட்டில் இருந்தவர்கள். அந்த ஆர்குட் வந்தது 2004 ஜனவரியில், ஃபேஸ்புக்குக்குச் சில நாட்கள் முன்பு. ஃபிரண்ட்ஸ்டர் 2002-லேயே வந்துவிட்டது, மைஸ்பேஸ் 2003-ல். ஹார்வர்டுக்குள்ளேயே ஆரோன் கிரீன்ஸ்பேன் என்ற மாணவர் 2003-ல் 'ஹவுஸ்சிஸ்டம்' என்ற தளம் நடத்தி, அதில் ஃபேஸ்புக் என்ற பெயரிலேயே ஒரு பகுதியும் வைத்திருந்தார். படம் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வருடத்தில் இந்த யோசனை பல தலைகளில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பது என் கணிப்பு. இரட்டையர்களிடம் இருந்திருக்க வேண்டியது எழுத்து ஒப்பந்தம். அது இல்லை. 2007-ல் மாசசூசெட்ஸ் நீதிபதி டக்ளஸ் உட்லாக், விடுதி அறையில் பேசிக்கொள்ளும் அரட்டை ஒப்பந்தமாகிவிடாது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

2008-ல் சமரசம் ஆனது. 6.5 கோடி டாலர் என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ரொக்கம் 2 கோடி டாலர்தான். மீதி பங்குகள், சுமார் 12.5 லட்சம். ஒரு பங்கு 35.90 டாலர் என்று போட்டால் 4.5 கோடி வருகிறது. அந்த 35.90 என்பது 2007-ல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த விலை, அதுவும் சாதாரணப் பங்கைவிடச் சலுகைகள் கூடிய சிறப்புப் பங்குக்கு. ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்க நிறுவனம் தனக்குள் வைத்திருந்த மதிப்பீடு வெறும் 8.88 டாலர். இது தெரிந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று இரட்டையர்கள் மறுபடியும் நீதிமன்றம் போனார்கள். 2011-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். வழக்கறிஞர்கள் சூழ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் பின்னால் வந்து விலை தெரியாது என்று சொல்ல முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். படத்தின் இறுதி வரிகள் தொகையை மட்டும் காட்டிவிட்டு முடிந்துவிடுகின்றன. இந்தப் பங்கு விலைச் சண்டையை மட்டும் வைத்தே இன்னொரு படம் எடுக்கலாம்.

இனி சேவரின். என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

2004 ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் கம்பெனி பதிவானபோது அவர் பங்கு சுமார் 30 சதவீதம். கோடையில் ஜுக்கர்பெர்க்கும் மற்றவர்களும் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவுக்குப் போய்விட்டார்கள், சேவரின் நியூயார்க்கில் பயிற்சி வேலைக்குப் போனார். பிளவு அங்கே தொடங்கியது. அந்த ஜூலையில் டெலவேரில் புதிய கம்பெனி தொடங்கி, பழைய கம்பெனியை அதற்குள் கொண்டுவந்தார்கள். முதலீட்டாளர் பீட்டர் தீல் 5 லட்சம் டாலர் போட்டு 10 சதவீதம் சொச்சம் வாங்கினார். சேவரின் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு புதிய பங்குகள் வெளியிடப்பட்டன. அவை ஜுக்கர்பெர்க்குக்கும், கம்பெனியின் முதல் தலைவரான ஷான் பார்க்கருக்கும், உடன் தளத்தைக் கட்டிய டஸ்டின் மாஸ்கோவிட்ஸுக்கும் போயின, சேவரினுக்குப் போகவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இப்படி. மொத்தம் 100 பங்கு, உங்களிடம் 30. கம்பெனி புதிதாக 200 பங்கு உருவாக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கிறது. உங்கள் 30-ஐ யாரும் தொடவில்லை, அது பத்திரமாக அப்படியே இருக்கிறது. ஆனால் மொத்தம் இப்போது 300, உங்கள் பங்கு 10 சதவீதம். உங்கள் பையிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை, ஆனாலும் மூன்றில் இரண்டு போய்விட்டது. இதைத் தடுக்கும் ஷரத்து முன்பே எழுதியிருக்க வேண்டும், அல்லது கையெழுத்துப் போடும் முன் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்த்திருக்க வேண்டும். படத்தில் சேவரின் அந்த மேஜையில் இருந்த வழக்கறிஞர்களைத் தன்னுடையவர்கள் என்று நினைத்ததாகச் சொல்லும் இடம் வரும். சேவரினாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் அதைச் சொல்லும்போது குரலில் கோபத்தைவிட வெட்கம் அதிகம் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும் இடம் அது. இரட்டையர்கள் எழுதி வாங்காததால் தோற்றார்கள், இவர் எழுதியதைப் படிக்காததால் தோற்றார்.

படம் இங்கே சரிவை மிகைப்படுத்திக் காட்டுகிறது. பங்கு 0.03 சதவீதமாக விழுந்துவிட்டது என்கிறது. நிஜத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே போனது, அவ்வளவு அதலபாதாளம் இல்லை. கோபத்தில் சேவரின் லேப்டாப்பை உடைக்கும் காட்சியும் நாடகம். இன்னொன்று, முதலில் வழக்குப் போட்டது சேவரின் இல்லை, நிறுவனம்தான். அவர் பதிலுக்குப் போட்டார். வங்கிக் கணக்கை முடக்கி நிறுவனத்தை நெருக்கடியில் தள்ளினார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. படமும் அதைக் காட்டுகிறது, ஆனால் மென்மையாகக் கடந்துபோகிறது. வளரத் துடிக்கும் ஒரு கம்பெனிக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று தொழில் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஜுக்கர்பெர்க் தரப்பையும் யோசித்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

ஷான் பார்க்கர் பகுதியில் காலக்கணக்கு சுருக்கப்பட்டிருக்கிறது. 10 லட்சம் உறுப்பினர்கள் சேர்ந்தது 2004 டிசம்பரில், போதைப்பொருள் சந்தேகத்தில் அவர் பிடிபட்டது 2005-ல். படம் இரண்டையும் ஒரே இரவில் வைக்கிறது. அவர்மேல் வழக்கு எதுவும் பதியப்படவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பார்க்கச் சொல்வேனா? கட்டாயம். இரண்டு வழக்குகளின் வாக்குமூல அறைகளை மாறி மாறிக் காட்டி, ஒவ்வொரு காட்சியையும் யாரோ ஒருவருடைய சாட்சியமாக வைத்திருக்கிறார்கள். அதனால் திரையில் நடப்பது முழுவதும் 'இவர் சொல்கிறபடி' என்ற நிபந்தனையோடுதான் நடக்கிறது. அதைக் கவனித்துப் பார்த்தால் படம் தன்னை வரலாறு என்று சொல்லிக்கொள்ளவே இல்லை என்பது புரியும். திரைக்கதை, படத்தொகுப்பு, இசை என்று மூன்று ஆஸ்கர் கிடைத்ததில் படத்தொகுப்புக்குக் கிடைத்ததுதான் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அப்புறம், யார் தொடங்கியது என்ற கேள்வி. 2009-ல் சேவரினோடு சமரசம் ஆனபோது பணத்தோடு அவருடைய இணை நிறுவனர் பட்டமும் திரும்பக் கிடைத்தது. இன்று சொல்லப்படும் நிறுவனர்கள் ஐந்து பேர்: ஜுக்கர்பெர்க், சேவரின், மாஸ்கோவிட்ஸ், கிறிஸ் ஹியூஸ், ஆண்ட்ரூ மெக்கொல்லம். கடைசி இருவருக்கும் படத்தில் அநேகமாக வேலையே இல்லை. தளத்தின் ஆரம்பகால முகப்பில், மேல்பட்டையில் ஒரு ஆண் முகம் இருக்குமே, அதை வடிவமைத்தவர் மெக்கொல்லம். தளத்தைக் கட்டிய கைகள் எவை என்று கேட்டால் நான் ஜுக்கர்பெர்க், மாஸ்கோவிட்ஸ் பெயர்களை முதலில் சொல்வேன். அதற்குப் பணம் போட்டு, கம்பெனியாகப் பதிவு செய்ய உழைத்தவர் யார் என்றால் சேவரின். விங்கிள்வாஸ் சகோதரர்களையும் நரேந்திராவையும் நிறுவனர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த தொகை நியாயமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் செய்து தருகிறேன் என்று ஒருவர் கொடுத்த வார்த்தையை நம்பி அவர்கள் காத்திருந்தார்கள்.