புகைக்குப் பத்து கிலோமீட்டர்தான் எல்லையா?

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் அனல்மின் நிலையமே இல்லை. கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவியைப் பொருத்துவதிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு மத்திய அரசு விலக்கு அளித்திருப்பது எங்களையும் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். 2015 டிசம்பரில் வந்த விதிகள் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்தன. கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் ஏறத்தாழ 78 சதவீத மின் உற்பத்தி அலகுகளுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. தில்லியைச் சுற்றிய தேசியத் தலைநகர்ப் பகுதியிலிருந்தும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்குக் கருவி கட்டாயம்; மாசு மிகுந்த பகுதிகளில் இருப்பவை குறித்துத் தனித்தனியே முடிவெடுப்பார்கள்.

இந்த 10 கிலோமீட்டர்க் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது. பெரிய நிலையத்தின் புகைபோக்கி 275 மீட்டர் உயரம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மெல்லிய வெண்கோடு தெரிவதே அரிது. சாம்பலின் பெரும்பகுதியை வடிகட்டி பிடித்துவிடுகிறது, கந்தக டை ஆக்சைடுக்கோ நிறமே இல்லை. அவ்வளவு உயரத்தில் வெளியேறும் அந்த வாயு, அருகில் இருப்போரைத் தாண்டிக் காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். வழியில் சல்பேட் நுண்துகளாக மாறி, நுரையீரலின் ஆழம்வரை இறங்கி, இதயத்தையும் பாதிக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது உண்மையே. ஆனால் எரிக்கும் அளவு மிகப் பெரிது.

வெப்பமும் இதில் சேர்கிறது. 2024 மே 30 அன்று நாட்டின் உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. புழுக்கம் தாளாமல் ஏசி ஓடும் இரவில் நிலக்கரியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது, அதன் கரியமில வாயுவோ வரும் கோடைகளை இன்னும் சூடாக்குகிறது. சல்பேட் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் புவியைச் சற்றுக் குளிர்விக்கின்றன என்பதை விலக்குக்கு ஆதரவாகச் சொல்வோர் உண்டு. அத்துகள்கள் சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். மக்களின் மூச்சைக் கெடுத்துப் பெறும் அந்தத் தற்காலிகக் குளிர்ச்சியை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசியலமைப்பில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலிலும் மின்சாரம் பொதுப் பட்டியலிலும் இருக்கின்றன. கருவியின் செலவு மின்கட்டணத்தில் ஏறும் என்பதால் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காற்று போகும் திசையில் உள்ள மாநிலத்தின் அரசு மருத்துவமனைச் செலவு எந்த மின்கணக்கிலும் வருவதில்லை. மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டணத்தை மாற்றுமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றன. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது, இந்தச் செலவையும் கணக்கில் எடுக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் நிலையம் இல்லை என்பது அதற்குத் தடையல்ல.