வெள்ளம் வடிந்தது, நகைக்கடன் வடியவில்லை

கேள்வி: சென்னையை ஒட்டிய முடிச்சூரில் 900 சதுர அடியில் தரைத்தள வீடு. எனக்கு வயது 47. கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 19,400, இன்னும் ஒன்பது ஆண்டு பாக்கி. 2015, 2021, 2023 என மூன்று முறை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மனைவியின் கல்யாண நகையை அடகு வைத்துத்தான் சமாளித்தோம். 2015இல் 14 பவுன் வைத்து 2 லட்சம், 2021இல் 6 பவுன் வைத்து 1.5 லட்சம் வாங்கினேன். 2023இல் தங்கம் விலை ஏறியிருந்ததால் அந்த 14 பவுனுக்கே மேற்கொண்டு 2 லட்சம் கொடுத்தார்கள். போன ஆண்டு மைத்துனர் கடை வைக்க அதே நகையின் மேல் 1.5 லட்சம். ஆண்டுதோறும் வட்டியைத் தவறாமல் கட்டி மாற்றி வைத்துவிடுகிறேன். மைத்துனர் இப்போது மேலும் 2 லட்சம் கேட்கிறார். 2025 மார்ச்சில் மியான்மர் நிலநடுக்கத்தில் பாங்காக் கட்டடம் சரிந்ததைப் பார்த்ததிலிருந்து மனைவிக்குப் பயம். 'பேரிடர் நிதிக்கு' என்று சொல்லி, ஆண்டுக்கு 1 லட்சம் கட்டும் உத்தரவாத வருமானத் திட்டம் ஒன்றை முகவர் சொல்கிறார். வீட்டுக் கடனோடு வங்கியே இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறது. மகள் படிப்புக்கு 1.6 லட்சம் டெபாசிட்டில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடிதத்தில் நீங்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது. 'வட்டியைத் தவறாமல் கட்டி மாற்றி வைத்துவிடுகிறேன்' என்கிறீர்கள். எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று என்றாவது கூட்டிப் பார்த்தீர்களா? வட்டி விகிதத்தை நீங்கள் எழுதவில்லை. 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்துக்கு ஆறு ஆண்டு, 1.44 லட்சம். 3.5 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு, 84,000. 5.5 லட்சத்துக்கு ஓராண்டு, 66,000. இப்போது 7 லட்சத்துக்கு ஆண்டுக்கு 84,000. ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. 2015இல் ஊறிப்போன கட்டிலுக்கும் பீரோவுக்கும் இன்றும் மாதம் 2,000 ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வெள்ளத்தன்று நகையை அடகு வைத்தது தப்பில்லை. அன்று வேறு வழி இருந்திருக்காது. தண்ணீர் வடிந்த பிறகும் கடனை அப்படியே விட்டதும், விலை ஏறும்போதெல்லாம் அதே நகையின் மேல் மறுபடி வாங்கியதும்தான் கேடு. இனி இந்த ஆசை இன்னும் கூடும். 2026 ஏப்ரல் முதல் 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதியைத் தளர்த்தியிருக்கிறது. விலை ஏறும்போது கூடுதல் பணம் கொடுக்கும் கடைக்காரர், விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார், இல்லையென்றால் ஏலத்துக்குப் போவார்.

கொஞ்சம் நகையை விற்றுக் கடனை முடியுங்கள். மனைவிக்கு மனம் வராது என்று தெரியும். நகை அவருடையது, முடிவும் அவருடையது. கணக்கை அவர் முன் வையுங்கள். பவுன் 90,000 என்று குறைத்தே எடுத்துக்கொள்வோம். பழைய நகைக்குக் கழிவு போகக் கையில் 80,000 நிற்கும். ஒன்பது பவுன் விற்றால் 7.2 லட்சம். கடன் தீரும், 11 பவுன் வீட்டுக்கு வரும். இப்போது 20 பவுன் அவர் பெயரில் இருந்தும் ஒரு கம்மல்கூடக் கையில் இல்லை.

ஒன்பதையும் ஒரே நாளில் விற்காதீர்கள். தங்க விற்பனை லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு, அது நகைக்கு உரியவர் பெயரில் வரும். கல்யாணத்தின்போது பவுன் ஐயாயிரத்தை ஒட்டி இருந்திருந்தால், விற்ற பணம் கிட்டத்தட்ட முழுவதும் லாபம்தான். மனைவிக்கு வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் ஆண்டுக்கு 4 லட்சம் வரை வரி கிடையாது. அதில் இந்த லாபத்தையும் அடக்கிக்கொள்ளலாம். ஆகவே நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் ஐந்து பவுன், அடுத்த நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் நான்கு பவுன். ஒன்றாக விற்றால் முப்பதாயிரத்தைத் தாண்டி வரி வரும், பிரித்து விற்றால் ஒன்றும் வராது. பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், ரொக்கம் வேண்டாம்.

அடகில் இருக்கும் நகையை எப்படி விற்பது? மகளின் டெபாசிட்டை ஒரு வாரத்துக்கு எடுத்து, முதலில் 6 பவுன் இருக்கும் 1.5 லட்சக் கணக்கைத் திருப்புங்கள். அதில் ஐந்தை விற்று வரும் 4 லட்சத்தில் டெபாசிட்டுக்கு 1.5 லட்சத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, மீதி 2.5 லட்சத்தைப் பெரிய கணக்கில் கட்டினால் அது 5.5இலிருந்து 3 லட்சமாக இறங்கும். கட்டும்போதே அந்த 3 லட்சத்தை இரண்டு கணக்காகப் பிரித்து, நகையையும் இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். முக்கியமான இடம் இது. ஒரே ரசீதாக இருந்தால் முழுக் கடனையும் கட்டாமல் ஒரு வளையல்கூட வெளியே வராது. ஏப்ரலில் அதே டெபாசிட்டைக் கொண்டு ஒரு கணக்கைத் திருப்பி, நான்கு பவுன் விற்று, மற்றதை முடியுங்கள். டெபாசிட் பழையபடி நிற்கும். நிலுவை வட்டிக்கும் சில்லறை மிஞ்சும்.

மைத்துனர் விஷயத்தில் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. அவர் கடைக்கு வாங்கிய 1.5 லட்சத்துக்கு மாதம் 1,500 வட்டி நீங்கள் கட்டுகிறீர்கள். இந்த மாதம் முதல் அதை அவர் கட்டட்டும் என்று கேளுங்கள். கேட்ட பிறகு அடுத்த 2 லட்சத்தைப் பற்றிப் பேச்சு எடுக்கிறாரா என்று பாருங்கள். கடன் முடிந்த பின்னும், அசலை மாதம் ஐயாயிரமாகவாவது திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இனி இன்சூரன்ஸ். வீட்டுக் கடனோடு வங்கி கொடுத்தது பெரும்பாலும் உங்கள் உயிருக்கான பாலிசி. நீங்கள் இல்லாவிட்டால் கடன் பாக்கியை அடைக்கும், சுவர் விழுந்தால் ஒன்றும் தராது. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கட்டட முகவரியும் தீ, வெள்ளம், நிலநடுக்கம் என்ற சொற்களும் இல்லையென்றால், மூன்று வெள்ளத்தையும் பாலிசி இல்லாமல்தான் கடந்திருக்கிறீர்கள். முகவர் சொல்லும் உத்தரவாத வருமானத் திட்டத்துக்கும் பேரிடருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது ஆயுள் காப்பீட்டைச் சேமிப்போடு கட்டிய பொட்டலம். பணம் தேவைப்படும் டிசம்பரில் எடுக்கப் போனால் கட்டியதில் கணிசம் கழித்துத்தான் தருவார்கள்.

உங்களுக்குத் தேவை 'பாரத் கிருஹ ரக்ஷா'. 2021 ஏப்ரல் முதல், ஆயுள் காப்பீடு அல்லாத பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே வாசகத்தில் விற்கும் வீட்டுப் பாலிசி. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம் எல்லாம் இதிலேயே அடக்கம். மனைவியின் பயத்துக்குத் தனிப் பாலிசி தேவையில்லை. 2002ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்து. ஆனால் முடிச்சூருக்கு ஆபத்து முதலில் அடையாற்றுப் பக்கமிருந்துதான் வரும்.

தொகையை நிர்ணயிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது. மறுபடி கட்ட ஆகும் செலவு மட்டும். 900 சதுர அடி, அடிக்கு 2,400 என்றால் 21.6 லட்சம். சுற்றுச்சுவர் இருந்தால் சேர்த்து 23 லட்சம் போடுங்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும். உங்களுக்கு அது 4.6 லட்சம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இந்தத் தொகைக்கு ஆண்டுக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் இருக்கும். உங்கள் நகைக்கடனுக்கு ஒரு நாள் வட்டி 230 ரூபாய், ஆக ஒன்பது நாள் வட்டிகூட ஆகாது. விண்ணப்பத்தில் முந்தைய வெள்ளங்களைக் கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கோரிக்கையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

பாலிசி இருந்தும் பணம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் நடக்கும் தவறால்தான். தண்ணீர் வடிந்ததும் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் தெருவில் போட்டுச் சுவரைக் கழுவிவிடுவோம். சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. கழுவும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பக்கத்தில் அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி ஒவ்வொன்றின் பின்பக்கத் தகட்டில் உள்ள வரிசை எண்ணும் படத்தில் விழ வேண்டும். அன்றே நிறுவனத்துக்குத் தகவல், 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவம். பழுதான பொருளைச் சர்வேயர் பார்க்கும்வரை மாடியிலோ திண்ணையிலோ வைத்திருங்கள். ஆண்டுக்கணக்கில் ஊறும் ஓதத்துக்குப் பணம் வராது, அதை வெள்ளத்தோடு சேர்த்து எழுதாதீர்கள்.

பணம் வரச் சில வாரம் ஆகலாம். அந்த இடைவெளிக்குத்தான் இத்தனை நாளும் நகை அடகுக்குப் போனது. நகைக்கடன் வட்டியாகப் போன மாதம் 7,000த்தில் 5,000ஐ, எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய வங்கி டெபாசிட்டில் போடுங்கள். மூன்று ஆண்டில் 1.8 லட்சம். மீதி 2,000ஐ இந்த ஆண்டு வீட்டுக்கே செலவிடுங்கள்: தரையை ஒட்டியுள்ள ஸ்விட்ச் போர்டுகளை 2023இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஓரடி மேலே ஏற்றுவது, கழிவுநீர்க் குழாய் வெளியேறும் இடத்தில் ஒருவழி வால்வு. வாசலில் மணல் மூட்டை அடுக்கியும் கழிவறை வழியாகத் தண்ணீர் பொங்கியிருந்தால், அந்த வால்வு இல்லாததுதான் காரணம். கான்கிரீட் மாடி இருந்தால் இன்வெர்ட்டர் பேட்டரியையும் மழைக்காலத்துக்கு முன் மேலே ஏற்றிவிடலாம்.

திருப்பிய 11 பவுனை லாக்கரில் வைப்பீர்கள். தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கி லாக்கர் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை பொறுப்பு. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி விதியே சொல்கிறது. ஆகவே தெருவுக்குத் தெரிந்த கிளை என்று பார்க்காமல், லாக்கர் அறை முதல் மாடியில் இருக்கும் கிளையாகத் தேடுங்கள்.