கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1999 மாடல் பென்ஸ் இ-கிளாஸ், ஆட்டோமேட்டிக். ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டிய பிறகு திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொள்கிறது. நின்று கிளம்பினால் வண்டி நகரவே யோசிக்கிறது. இன்ஜினை அணைத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடுகிறது, இரண்டு நாள் கழித்துப் பழையபடி ஆரம்பிக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஸ்கேன் எதுவும் செய்யவில்லை. சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருந்தால், இன்ஜினை அணைத்துப் போட்டதும் அவை புதிதாகிவிடாது. அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது: இது பெரும்பாலும் மின்சாரப் பக்கத்துக் கோளாறு. கியர்பாக்ஸின் கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு சென்சாரின் கணக்கு ஒத்துவராமல் போகும்போது, பெட்டியைக் காப்பாற்ற அது லிம்ப் மோடுக்குப் போய்விடும். அப்புறம் முன்னால் போக இரண்டாவது கியர், பின்னால் போக ரிவர்ஸ், அவ்வளவுதான் கிடைக்கும். வண்டி கிளம்பத் திணறுவது அதனால்தான்.

உங்கள் வண்டியில் இருப்பது 722.6 என்ற 5 கியர் பெட்டி. 1996-இல் வந்தது. உறுதியான பெட்டி, நான் மனதார மதிக்கிற பெட்டி. ஆனால் இதில் இரண்டு இடங்கள் திரும்பத் திரும்பத் தொல்லை தரும். முதலாவது, பக்கவாட்டில் கம்பிக்கற்றை வந்து செருகுகிற 13 முனை கனெக்டர். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் அடாப்டர், அதைச் சுற்றி ரப்பர் ஓ-ரிங். வருஷக்கணக்கில் சூடு பட்டு அந்த ரப்பர் தட்டையாகிவிட்டால் ஆயில் கசியும். கீழே சொட்டினால் கண்ணில் படும். மோசம் என்னவென்றால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல ஆயில் கம்பிகளின் உள்ளே ஏறி, மேலே இருக்கிற கம்ப்யூட்டர் வரைக்கும் போய்விடும். வண்டியைத் தூக்கி அந்தப் பிளக்கைக் கழற்றி முனைகளைப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அடாப்டரை மாற்றுங்கள். பிறகு கம்ப்யூட்டரின் பிளக்கையும் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் அடாப்டரைப் புதிதாகப் போட்டும் கோளாறு தீரவில்லை. மேலே பிளக்கைப் பிடுங்கினால் விரலில் சிவப்பாக ஆயில் ஒட்டியது. அதைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் வண்டி வழிக்கு வந்தது.

இரண்டாவது, கண்டக்டர் பிளேட், அதாவது பெட்டிக்கு உள்ளே மின் இணைப்புகளைத் தாங்கியிருக்கிற தட்டு. வேகம் அளக்கிற இரண்டு சென்சார்கள், என்2, என்3 என்பார்கள், அதிலேயே பதிந்திருக்கும். அவற்றில் ஒன்று சூட்டில் தடுமாறினால் நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடக்கும்: நீண்ட ஓட்டத்தில் மாட்டும், ஆறினால் ஓடும். இதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. கீழே ஆயில் பேனைக் கழற்றி, ஆயிலைக் கியர்களுக்குத் திருப்பிவிடுகிற வால்வ் பாடியை எடுத்தால் கைக்கு வந்துவிடும். ஆனால் முதலில் ஸ்கேன். இன்ஜினை மட்டும் படிக்கிற சின்னக் கருவி போதாது, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கிற கருவி வேண்டும். கருவி காட்டுகிற கோளாறு எண் (கோட்) என்ன என்று எழுதி வாங்குங்கள். அதைப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆயில் அளவையும் பாருங்கள். இந்தப் பெட்டிக்கு ஆயில் அளக்கிற குழாய் மட்டும்தான் உண்டு, அளவுகோல் உள்ளே இருக்காது, தனியாக வாங்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவர் பி-யில் இருக்க, ஆயில் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளந்தால்தான் சரியான கணக்கு. குறைந்தால் கியர் வழுக்கும். அதிகம் ஊற்றினாலும் ஆயில் நுரைத்து அதே கதைதான், அதனால் கண்மதிப்பில் ஊற்ற விடாதீர்கள்.

கேள்வி: 2004 மாடல் சொகுசு கார். மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு போகும்போது ஓரிரு நொடி உடம்பெல்லாம் அதிர்கிற மாதிரி ஒரு நடுக்கம். எங்கே தேடுவது?

பதில்: காலியான, நேரான சாலையில் அந்த நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை மாற்றாமல் இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமல் அழுத்துங்கள். பிரேக் விளக்கு எரிகிற அளவு போதும். உடனே நடுக்கம் நின்றால் சந்தேகம் டார்க் கன்வர்ட்டரின் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிற பகுதி) லாக்-அப் கிளட்ச் மேல் விழும், இரண்டையும் நேரடியாகப் பூட்டுகிற கிளட்ச் அது. நிற்காமல் தொடர்ந்தால் இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக் பக்கம் போங்கள். இன்ஜின் மிஸ் ஆவதைக் கியர்பாக்ஸ் என்று நினைத்துச் செலவழித்தவர்கள் நிறைய.

கன்வர்ட்டர்தான் என்றால், பழைய ஆயிலை மாற்றியதும் பல வண்டிகளில் நடுக்கம் குறைந்துவிடும். அதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். பல கார்களில் கியர் ஆயிலைக் குளிரவைக்கிற பகுதி ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கும். அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் ஆயிலில் கலக்கும். நிறைய கலந்தால் ஆயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆகிவிடும், கொஞ்சமாகக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கொஞ்சமே கிளட்ச் தட்டின் பூச்சைக் கெடுக்கப் போதும். ஆயிலில் கிளைகால், அதாவது கூலன்ட்டில் இருக்கிற ரசாயனம், இருக்கிறதா என்று பரிசோதித்து, இருந்தால் ரேடியேட்டரை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறதே? 1,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, இனி மாற்றினால் கெட்டுவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பல சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதனால் மாற்றுங்கள். கியர் இப்போது வழுக்காமல் விழுகிறது, ஆயிலில் கருகல் வாசனை இல்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த பெட்டி ஆயில் மாற்றிய மறுவாரம் நின்றுபோனால் பழி ஆயில் மேல் விழும், அந்தப் பேச்சு அப்படித்தான் பரவியது.

மெஷினை மாட்டி அழுத்தத்தில் கழுவுவதை, பழைய பெட்டிக்கு நான் சொல்ல மாட்டேன். பேனைக் கழற்றி ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி ஊற்றினால் போதும். கன்வர்ட்டரில் பழைய ஆயில் தங்கிவிடும் என்பதால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றலாம். பேனில் இருக்கிற காந்தத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். மை போலச் சாம்பல் நிறத்தில் நைசாக ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் குத்துகிற மாதிரி இரும்புத் துணுக்கு இருந்தால் மட்டும் பேனை மூடாமல், அதே நிலையில் ஒரு கியர்பாக்ஸ் நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.